சபர்மதிக் கன்றும் விளாங்குடி மன்னனும்

தபால்காரனுக்கும் நாய்க்கும் உள்ள உறவைப் பற்றி நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சல் துறையில் சேர்ந்த முதல் ஐந்து வருடத்தில் இரண்டு கடி வாங்கியவன் நான். அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த வலி நினைவிருக்கும்வரை நாய் வளர்ப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

மனசை மாற்றியது ஒரு தபால்தலை என்றால் சிரிப்பீர்கள். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டது. இமயமலை ஆட்டு நாய், ராம்பூர், முதோல், அவற்றோடு நம்ம ராஜபாளையம். கவுண்டரில் உட்கார்ந்து அதை விற்றுக்கொண்டிருந்தபோது, வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக நின்ற அந்த நாயை அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்து வருடம் கழித்து மகனின் நண்பர் வீட்டில் ராஜபாளையம் குட்டி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், யாரையும் கேட்காமல் விளாங்குடி வீட்டிற்குத் தூக்கி வந்துவிட்டேன். பெயர் மன்னன்.

இந்தக் கட்டுரை மன்னனின் கடைசிப் பதினோரு வாரங்களைப் பற்றியது. கூடவே, அந்தப் பதினோரு வாரங்கள் எங்களுக்கு எப்படிக் கிடைத்தன என்ற வரலாற்றையும் சொல்லப் பார்க்கிறேன்.

2019 ஆடி மாதம் வலது முன்னங்காலை லேசாக நொண்டினான். மாடியிலிருந்து குதித்திருப்பான், சுளுக்கு என்று நினைத்தேன். நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினோம். வாரம் ஒன்று ஓடியது. நொண்டல் கூடியது. இரவில் முனக ஆரம்பித்தான். அப்போது நான் செய்த காரியத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். என் முட்டிவலிக்கு வாங்கி வைத்திருந்த டைக்ளோஃபினாக் மாத்திரையில் பாதியை வெல்லத்தில் பொதிந்து கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் காப்பித்தூள் கலந்தாற்போல வாந்தி எடுத்தான். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. மனிதனுக்கு வலியைத் தணிக்கும் பல மாத்திரைகள் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்று அன்றைக்குத்தான் டாக்டர் சொல்லிக் கேட்டேன்.

எக்ஸ்ரேயில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு அந்துப்பூச்சி அரித்த துணிபோல இருந்தது. டாக்டர் என் மகன் வயது இருப்பார். அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிவிட்டு, "முன்னங்காலில் முழங்கைக்குத் தள்ளி, பின்னங்காலில் முட்டிக்குப் பக்கத்தில் சார். இது வர்ற இடமே அதுதான். எங்களுக்குக் காலேஜில் அப்படித்தான் மனப்பாடம்" என்றார். ஆஸ்டியோசார்கோமா. நாய்க்கு எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து இதுதானாம். பெரிய உடம்புள்ள நாய்களுக்குத்தான் அதிகம் வரும். கண்டுபிடிக்கும்போதே பத்தில் ஒன்பது நாய்களுக்கு, படத்தில் தெரியாத அளவில் நுரையீரலுக்குப் போயிருக்கும். மன்னனுக்குப் படத்திலேயே தெரிந்தது.

"குணப்படுத்த முடியாது சார். ஆனா வலியைக் குறைக்க முடியும். இல்லைன்னா தூங்க வச்சிடலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த நடுவில் உள்ள வாக்கியம் இருக்கிறதே, "வலியைக் குறைக்க முடியும்" என்பது, அது அவ்வளவு பழைய வாக்கியம் அல்ல.

பழமை என்று பார்த்தால் நமக்குப் பெருமைப்பட நிறையவே உண்டு. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குக்குமாக இருவகை மருத்துவம் ஏற்படுத்தப்பட்டதைச் சொல்கிறது. எங்கெங்கே என்ற பட்டியலில் சோழர், பாண்டியர் பெயரும் இருக்கிறது. குதிரைக்குச் சாலிஹோத்திரர் பெயரில் நூல், யானைக்குப் பாலகாப்பியர் பெயரில் நூல். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் கோவிவன் என்ற நாயையே பெயர் சொல்லிச் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த நாய். ஆனால் கல்லில் இடம் கிடைத்த நாய்க்குக் கட்டிலில் இடம் கிடைக்கப் பல நூற்றாண்டு ஆயிற்று. சென்னை வேப்பேரியில் 1903 அக்டோபரில் இருபது மாணவர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது அதன் கவலையெல்லாம் மாடும் குதிரையும்தான். உழவுக்கும் பட்டாளத்துக்கும் வேண்டியவை அவைதானே.

நம் நாட்டில் "இனி குணமாகாது, வலி மட்டும் இருக்கிறது, என்ன செய்வது" என்ற கேள்வி ஊரறிய எழுந்தது ஒரு நாயை வைத்து அல்ல, ஒரு கன்றுக்குட்டியை வைத்து. 1928. சபர்மதி ஆசிரமம். அடிபட்டு முடமான கன்று. வைத்தியம் பார்த்தும் பலனில்லை. புரண்டு படுக்கக்கூட முடியாத வேதனை. காந்திஜி ஆசிரமத்து ஆட்களோடு கலந்து பேசினார். உயிரைக் கொடுக்க முடியாதவனுக்கு அதை எடுக்க உரிமை ஏது என்று எதிர்ப்பும் வந்தது. கடைசியில் டாக்டரை வரவழைத்து விஷ ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடத்திற்குள் முடிந்தது.

நாடே கொதித்தது. அகிம்சையைப் போதித்தவர், அதுவும் பசுவின் கன்றை! கடிதங்கள் குவிந்தன. இரண்டு வருடம் முன்பு, 1926-ல், அகமதாபாத்தில் ஓர் ஆலை அதிபர் அறுபது தெருநாய்களைக் கொல்லச் செய்ததைக் காந்திஜி கண்டிக்கவில்லை என்று ஏற்கெனவே வசை வாங்கியிருந்தார். இப்போது மறுபடியும். அவர் ஒளிக்கவில்லை. நவஜீவனிலும் யங் இந்தியாவிலும் நடந்ததை அப்படியே எழுதி, காரணத்தையும் எழுதினார்.

அந்தக் காரணத்தில் ஓர் இடம் எனக்கு முக்கியமாகப் பட்டது. நம் வீட்டில் ஒருவர் தீராத நோயில் கிடந்தால் நாம் அவரைக் கொல்வதில்லையே, ஏன்? அவருக்கு ஏதாவது ஒத்தாசை செய்ய நம்மிடம் வழி இருக்கிறது, அவர் தானே யோசித்து முடிவு செய்யவும் முடியும், அதனால்தான் என்கிறார். கன்றுக்கு அந்த இரண்டும் இல்லை. அதாவது, அவருடைய முடிவு முழுவதும் "உதவ வேறு வழியில்லை" என்ற ஒன்றின் மேல் நிற்கிறது. வழி இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு 1928-ல் பதில் கிடையாது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த வழி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்த கதைதான்.

முதலில் மனிதருக்கே அது தாமதமாகத்தான் வந்தது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் புனித கிறிஸ்டோபர் மருத்துவமனையைத் தொடங்கியது 1967-ல். சாகப்போகிறவருக்கு வலி எழுவதற்கு முன்பே மருந்து கொடு என்பது அவர் பாடம். 1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படி ஏணி ஒன்றை வகுத்தது. சாதா மாத்திரை, அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் மார்பின். நம் நாட்டில் அதே சமயம் வேறொன்று நடந்தது. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்து, மார்பின் வாங்க ஆயிரம் முத்திரை வேண்டும் என்றானது. அபினியை உலகத்துக்கே ஏற்றுமதி செய்த நாட்டில் புற்றுநோயாளிகள் துடித்தார்கள். என் மாமனார் அப்படித்தான் போனார், 1994-ல். முந்தைய வருடம்தான் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலி தணிப்பு இயக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். மதுரையில் இருந்த எங்களுக்கு அது தெரியாது. சட்டம் தளர்ந்தது 2014-ல்.

மனிதனுக்கே இந்த நிலை என்றால் விலங்குக்கு? வலி இருந்தால்தான் அசையாமல் கிடக்கும், புண் ஆறும் என்று கால்நடை மருத்துவர்களே சொன்ன காலம் உண்டு. ஆச்சரியப்படாதீர்கள், பச்சைக் குழந்தைகளுக்கு வலி சரியாகத் தெரியாது என்று நம்பி 1980-கள் வரை மயக்க மருந்து போதாமல் அறுவை செய்திருக்கிறார்கள்.

எலும்புப் புற்றுநோயில் நாயின் கதையும் பிள்ளைகளின் கதையும் பின்னிக் கிடக்கின்றன. இதே நோய்தான் வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு வருகிறது. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1977-ல் பதினெட்டு வயதில் வலது காலை எடுத்துவிட்டார்கள். 1980-ல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும்தான் நிறுத்தினார். மறு வருடம் இறந்தார். நாய்க்கும் அதே பாதைதான், காலில் தொடங்கி நுரையீரலில் முடியும். அதனாலேயே அமெரிக்காவில் கொலராடோ போன்ற இடங்களில், வீட்டில் வளர்ந்த நாய்களுக்கு இந்த நோய் வந்தபோது காலை எடுக்காமல் எலும்பை மட்டும் மாற்றும் அறுவையைப் பழகினார்கள். அந்தப் பாடம் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டின மருந்து 1978-ல் மனிதருக்கு அனுமதி பெற்று, அடுத்த பத்தாண்டில் நாய்க்கும் வந்தது.

கணக்கு இதுதான். காலை மட்டும் எடுத்தால் பாதி நாய்கள் நான்கைந்து மாதத்தைத் தாண்டுவதில்லை. காலை எடுத்துவிட்டு மருந்தும் ஏற்றினால் பத்து முதல் பன்னிரண்டு மாதம். இரண்டு வருடம் தாண்டுவது ஐந்தில் ஒன்று. காலை எடுப்பது கொடூரமாகத் தோன்றும், ஆனால் அதுவே பெரிய வலி நிவாரணம் என்றார் டாக்டர். வலிக்கிற எலும்பு போய்விடுகிறது, மூன்று காலில் நாய் ஓடிவிடும். மன்னனுக்கு ஒன்பது வயது, முப்பத்தெட்டு கிலோ, எடுக்க வேண்டியது முன்னங்கால். உடம்புப் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. நுரையீரலில் ஏற்கெனவே புள்ளிகள். வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்தோம். சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியாது.

கதிர்வீச்சு இன்னொரு வழி. வியன்னாவில் அலோயிஸ் பொம்மர் என்ற மருத்துவர் போன நூற்றாண்டின் முதல் பாதியிலேயே விலங்குகளுக்கு அதை முறைப்படுத்தியவர். நோயை அழிக்க அல்ல, வலியை அடக்க மட்டும், பெரிய அளவாக இரண்டு முதல் நான்கு தடவை கொடுப்பார்கள். நான்கில் மூன்று நாய்களுக்கு ஓரிரு வாரத்தில் வலி தணியும், சில மாதம் தாங்கும். "மதுரையில் அந்த மெஷின் மனுசங்களுக்குத்தான் சார் இருக்கு" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது மாத்திரை. இந்த மாத்திரைக்குப் பின்னால் ஒரு விசித்திர வரலாறு இருக்கிறது. நான் மன்னனுக்குக் கொடுத்துக் கெடுத்த அதே டைக்ளோஃபினாக்கை இந்தியா முழுவதும் மாடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்கில் விழுந்தன. பிணந்தின்னிக் கழுகு என்கிறோமே, பாறு, அது. காரணம் இந்த மருந்துதான் என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தடை. கழுகுக்குக் கேடு செய்யாத மாற்று எது என்று தேடியபோது கிடைத்தது மெலாக்சிகாம். அளவு பார்த்துக் கொடுத்தால் நாய்க்கும் ஒத்துக்கொள்கிற மருந்து அது. மனிதருக்கான பெரிய டைக்ளோஃபினாக் குப்பிகளை மாட்டுக்குத் திருப்பிவிடுவதைத் தடுக்க 2015-ல் குப்பியின் அளவையும் மூன்று மில்லியாகக் குறைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. கால்நடை மருந்துக் கடைகளில் மெலாக்சிகாம் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில் செத்த கழுகுகளின் பங்கு உண்டு.

ஆனால் நான் வயிற்றைக் கெடுத்து வைத்திருந்ததால் அதை உடனே கொடுக்க முடியவில்லை. ஒரு வாரம் குடல் ஆறட்டும் என்று நிறுத்தி வைத்தார். அந்த ஒரு வாரம் கபாபென்டின் என்ற நரம்பு வலி மாத்திரையோடு ஓட்டினோம். மன்னன் என்னை ஒருமுறைகூடச் சந்தேகமாகப் பார்க்கவில்லை, மாத்திரை என்றால் வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். அது எனக்குத் தண்டனைபோல இருந்தது.

இரண்டாவது வாரம் மெலாக்சிகாம் தொடங்கியது. மூன்றாவது வாரம் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பரவாயில்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு டிரிப். "வயசான அம்மாக்களுக்கு எலும்புத் தேய்மானத்துக்குப் போடுற மருந்துதான் சார்" என்றார் டாக்டர். என் துணைவியார் வாரம் ஒருமுறை விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருக்கும் மாத்திரையின் பெரிய அண்ணன். இந்த நோயில் எலும்பைக் கரைப்பது கட்டி நேரடியாக அல்ல, உடம்பில் இயல்பாகவே உள்ள எலும்பு அரிக்கும் செல்களைக் கட்டி தூண்டிவிடுகிறது. அந்த அரிப்பில்தான் வலி. இந்த மருந்து அந்தச் செல்களை அடக்குகிறது. "என் மருந்து அவனுக்கா?" என்று துணைவியாருக்கு ஒரே சிரிப்பு. அந்த வீட்டில் பல நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு அது.

பத்து நாளில் மாற்றம் தெரிந்தது. காலை ஊன்றினான். விடியற்காலை கண்மாய்க்கரைவரை வந்தான். பால்காரரைப் பார்த்துப் பழையபடி குரைத்தான். சோழவந்தானிலிருந்து வந்த என் அக்கா, "பார்த்தியா தம்பி, ஊசி போட்டுக் கொன்னுறலாம்னு நினைச்சியே, வாயில்லாச் சீவன் பாவம் சும்மா விடுமா?" என்றார். நான் சபர்மதிக் கன்றின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "காந்தி செஞ்சா பாவம் இல்லாமப் போயிருமா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. 1928-ல் கடிதம் எழுதியவர்கள் கேட்டதும் அதுதான்.

பழைய பழக்கத்தில் ஒரு நோட்டில் தினமும் கட்டம் போட்டு எழுதி வந்தேன். சாப்பிட்டானா, தண்ணீர் குடித்தானா, எழுந்து போய் மூத்திரம் இருந்தானா, ராத்திரி முனகினானா, வாலை ஆட்டினானா. பிற்பாடுதான் தெரிந்தது, அமெரிக்காவில் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-லேயே இதற்கு ஏழு கேள்வி கொண்ட அளவுகோலே செய்திருக்கிறார் என்று. வலி, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், நல்ல நாள் கெட்ட நாள் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண், கூட்டினால் முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும். நாய் தானே யோசித்து முடிவு சொல்ல முடியாது என்ற குறை இருக்கிறதே, அதைக் கொஞ்சமாவது ஈடுகட்டும் முயற்சி.

டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். வலி குறைந்தால் நாய் ஓடும், எலும்போ உள்ளே கூடாகத்தான் இருக்கிறது, கவனம் என்று. மாடிப்படிக்குக் கதவு போட்டோம். தரையில் சாக்கு விரித்தோம். புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஓர் அணில் ஓடியது. அவன் எழுந்து பாய்ந்தான். குச்சி முறிகிற சத்தம் எனக்கு உள்ளே கூடம்வரை கேட்டது.

டாக்டருக்குப் போன் செய்தேன். முறிந்த புற்றெலும்பு கூடாது, இனி மாத்திரைக்கு அடங்குகிற வலி இல்லை என்றார். துணைவியார், "இனிமே நம்மகிட்ட ஒண்ணும் இல்லீங்க. வரச் சொல்லுங்க" என்றார். அவர் காந்திஜியின் கட்டுரையைப் படித்தவர் இல்லை.

இரவு எட்டரைக்கு டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதல் ஊசியில் மயங்கித் தூங்கினான். தலை என் மடியில் இருந்தது. இரண்டாவது ஊசிக்கு இரண்டு நிமிடம் ஆகவில்லை. அக்கா அடுப்படியிலிருந்து வரவே இல்லை. மறுநாள் காலை பரவையில் தெரிந்தவர் தோட்டத்தில் குழி வெட்டியபோது, முதல் பிடி மண்ணைப் போட்டது அவர்தான்.

நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். எழுபத்தாறு நாள் எழுதியிருக்கிறேன். ராத்திரி முனகல் என்ற கட்டத்தில் முதல் மூன்று வாரமும் டிக் இருக்கிறது. அதற்கப்புறம் கடைசி நாள் வரை ஒன்பது இடத்தில்தான் இருக்கிறது.